முதலில் வெப்பமானி, பிறகு செடி

கேள்வி: கோத்தகிரி அருகே அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். பச்சைத் தேயிலை விலையை நம்பி மட்டும் குடும்பம் நடத்த முடியவில்லை. சுற்றுலா வருபவர்களுக்கு விற்கலாம் என்று, விரல் நகம் அளவுக்குப் பூக்கும் சின்ன ஆர்க்கிட் செடிகள் எட்டு வாங்கினோம். 9,600 ரூபாய் ஆனது. வீட்டுக்குப் பின்னால் பாலித்தீன் கூரை போட்ட கொட்டிலில் வைத்தோம். மார்ச் மாதம் முடிவதற்குள் ஐந்து செடிகள் போய்விட்டன. இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தன. உரம் போதவில்லையா? கடன் வாங்கிப் பெரிய பசுமைக்குடில் போட்டால் இந்தச் செடிகள் பிழைக்குமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உரக்குறைவு இதற்குக் காரணம் இல்லை. வாசகி எழுதியிருக்கும் அடையாளங்கள் வெப்பத்தால் வருபவை. வெப்பம் தாங்காதபோது இந்தவகைச் செடிகள் நல்ல இலையைக்கூட மஞ்சளாக்கிக் காம்போடு உதிர்த்துவிடும். பிழைத்திருக்கும் மூன்று செடிகளையும் இன்றே பாலித்தீன் கூரைக்கு வெளியே எடுத்து, வீட்டின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்தில் நிழலில் வைக்கவும். பசுமைக்குடில் கடனைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

செடியின் சொந்த ஊர்

மாஸ்டிவேலியா, டிராகுலா, லெப்பாந்தஸ், ரெஸ்ட்ரெப்பியா, பிளாட்டிஸ்டீல் என்று பல பெயர்களில் விற்கப்படும் இந்தச் சிறு ஆர்க்கிட்டுகள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. தென் அமெரிக்காவில் கொலம்பியா, ஈக்வடார், பெரு நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவுகள் இவற்றுக்கு முக்கியமான தாயகம். கடல் மட்டத்திலிருந்து 1,500 முதல் 3,000 மீட்டர் வரை உயரமுள்ள அந்தச் சரிவுகளில் பெரும்பாலான நாட்கள் மேகம் தரையோடு தரையாகத் தவழும். அதனால்தான் அவற்றை மேகக்காடு என்கிறார்கள். பாசி படர்ந்த மரக்கிளைகளில் இந்தச் செடிகள் தொற்றி வளர்கின்றன. மரத்தை உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொள்ள மட்டுமே கிளை வேண்டும். தண்ணீர் பனிமூட்டத்திலிருந்தும் மழையிலிருந்தும் கிடைத்துவிடும்.

அந்தக் காடுகள் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் அங்கே கோடை, குளிர் என்று பெரிய வேறுபாடு கிடையாது. ஆண்டு முழுவதும் பகலில் 18 முதல் 23 டிகிரி செல்சியஸ், இரவில் 10 முதல் 14 டிகிரி என்ற அளவில்தான் வெப்பம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே அதிகம் இறங்காது. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில் வளர்வதால், பல ஆர்க்கிட்டுகளுக்கு இருப்பதுபோல் தண்ணீரைச் சேமிக்கும் தடித்த தண்டு இவற்றுக்கு இல்லை. இலையில் இருப்பதே இருப்பு. வறட்சியையும் வெப்பத்தையும் சமாளிக்கக் கையிருப்பு இல்லாத செடி என்று சொல்லலாம்.

ஏன் பட்டுப்போயின?

பகலில் வெயில் வெளிச்சத்தைக் கொண்டு செடி உணவு தயாரிக்கிறது. இரவும் பகலும் சுவாசித்து அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசச் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இரவு குளிர்ந்தால் செலவு குறைந்து, மிச்சம் வளர்ச்சிக்கும் பூவுக்கும் போகும். இரவு புழுக்கமாக இருந்தால் பகலில் சம்பாதித்ததை இரவே தின்றுவிடும். சில வாரங்களில் பழைய இலைகள் மஞ்சளாகும். அப்போது உரம் போட்டால் வேரில் உப்பு சேருமே தவிர, செடி தேறாது.

கோத்தகிரியின் உயரம் ஏறத்தாழ 1,800 முதல் 1,900 மீட்டர். அங்கே இரவுக் குளிருக்குக் குறைவில்லை. வாசகியின் கொட்டிலில் கோளாறு பகலில்தான். பாலித்தீன் வெயிலை உள்ளே விடும். சூடேறிய காற்றை வெளியே விடாது. வெளியே 23 டிகிரி இருக்கும் மார்ச் மதியத்தில், காற்றோட்டம் இல்லாத பாலித்தீன் கொட்டிலுக்குள் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியிருக்கும் பகுதி. ஜனவரி முதல் மார்ச் வரை பிற்பகலில் காற்று வறண்டுபோகும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்துதான் ஐந்து செடிகளைக் கொண்டுபோயிருக்கின்றன.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்களும் இதே தவறைச் செய்தார்கள். வெப்பமண்டல நாட்டுச் செடி என்றால் வெப்பம் வேண்டும் என்று நினைத்து, நிலக்கரி எரித்துச் சூடேற்றிய கண்ணாடி வீடுகளில் மலை ஆர்க்கிட்டுகளை அடைத்துவைத்தார்கள். செடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகு ஜேம்ஸ் பேட்மன் போன்றவர்கள் குளிர்ந்த வீட்டில், ஜன்னலைத் திறந்துவைத்து வளர்க்கும் முறையை வலியுறுத்தினார்கள். அதன் பிறகே அவை நிலைத்துப் பூத்தன.

முதல் செலவு வெப்பமானி

அடுத்த செடியை வாங்கும் முன் ‘அதிகபட்ச–குறைந்தபட்ச வெப்பமானி’ ஒன்றை வாங்க வேண்டும். ஒரு நாளில் எட்டிய மிக உயர்ந்த வெப்பத்தையும் மிகக் குறைந்த வெப்பத்தையும் இது பதிவு செய்யும். ஈரப்பதமும் காட்டும் சிறிய மின்னணுக் கருவிகளும் கிடைக்கின்றன. ஒரு செடியின் விலையைவிட இதன் விலை குறைவுதான்.

செடி வைக்கப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில், நேர் வெயில் படாமல் அதைத் தொங்கவிட வேண்டும். மார்ச் முதல் மே வரை, குறைந்தது இரண்டு வாரமாவது காலையில் பார்த்து நோட்டில் குறித்துவர வேண்டும். குறித்த கணக்கை இப்படிப் படிக்கலாம்:

* இரவு 15 டிகிரிக்குக் கீழ், பகல் 24 டிகிரிக்குள்: இந்தக் கூட்டத்துச் செடிகளுக்கு ஏற்ற இடம்.
* இரவு 16 முதல் 18, பகல் 27 வரை: ரெஸ்ட்ரெப்பியா, சில மாஸ்டிவேலியா கலப்பினங்கள் போன்ற கொஞ்சம் தாங்கும் வகைகளை மட்டும் முயலலாம். டிராகுலா வேண்டாம்.
* இரவு 20 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால்: வாங்க வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் பள்ளத்தாக்குகளில் இருப்பவர்கள் குறைந்தபட்ச அளவையும் கவனிக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்துவைத்தால் போதும்.

இடமும் காற்றும்

மூன்று செடிக்குக் குடில் தேவையில்லை. வீட்டின் வடக்கு அல்லது கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு இரும்பு அலமாரி, மேலே 75 விழுக்காடு நிழல் வலை, மழைநீர் நேராகக் கொட்டாமல் சிறிய சரிவுக் கூரை ஆகியவை போதும். கூரைக்கும் வலைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டால் சூடு தங்காது. வெளிச்சம் 10,000 முதல் 15,000 லக்ஸ் போதும். கைப்பேசிச் செயலியிலேயே தோராயமாக அளக்கலாம். நண்பகலில் இலைக்கு மேல் கையை நீட்டினால் விளிம்பு மங்கிய நிழல் விழ வேண்டும். கறுத்த நிழல் விழுந்தால் வெளிச்சம் அதிகம்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஜல்லி பரப்பிய தட்டு வைத்து, ஜல்லி மூழ்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் சுற்றிலும் ஈரம் நிற்கும். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. ஈரம் இருக்கும் இடத்தில் காற்றும் நகர வேண்டும். இல்லாவிட்டால் இலைப்புள்ளியும் அழுகலும் வரும். காற்று ஓடாத மூலையாக இருந்தால் பழைய கணினியின் சிறு விசிறி ஒன்றே மூன்று செடிக்குத் தாராளம். இலை மெல்ல அசைந்தால் போதும், படபடக்கக் கூடாது.

தொட்டியும் ஊடகமும்

செம்மண், தொழு உரம், மணல் எதுவும் வேண்டாம். வேர் மூச்சு விட வேண்டும். ஈரத்தைப் பிடிக்கும் ஸ்பேக்னம் பாசியை நர்சரிகளில் வாங்கிப் பயன்படுத்தலாம். அல்லது சிறு விரல் நகம் அளவுக்கு நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டோடு கொஞ்சம் கரித்துண்டு சேர்க்கலாம். மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றிக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். சோலைக்காட்டுப் பாசியைச் சுரண்டி எடுப்பதும், மரப்பெரணியை வெட்டி நார் எடுப்பதும் கூடாது. அந்தப் பாசிதான் மழைநீரைப் பிடித்து ஓடைக்கு விடுகிறது.

தொட்டி சிறியதாக இருக்க வேண்டும். வேர்க்கட்டைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டால் போதும். பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயாமல் புளித்து, வேர் அழுகும். ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்ந்த மாதத்தில் ஊடகத்தை மாற்ற வேண்டும். டிராகுலாவின் பூக்காம்பு கீழ்நோக்கி இறங்கி, தொட்டியின் அடிவழியே வெளியே வந்து பூக்கும். அதனால் அதைத் துளையுள்ள கூடையில்தான் நட வேண்டும். அடைத்த தொட்டியில் வைத்துவிட்டு, பூக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. பூ உள்ளேயே அழுகிக்கொண்டிருக்கும்.

தண்ணீரும் உரமும்

மழைநீரே சிறந்தது. ஓட்டுக்கூரையில் விழும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையை மூடிய டிரம்மில் பிடித்துவைத்தால் மூன்று செடிக்குக் கோடை முழுவதும் வரும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பு அதிகம். உப்பு அளக்கும் சிறு கருவியில் 100 பி.பி.எம். அளவுக்குள் காட்டும் தண்ணீர் நல்லது. காலையில் ஊற்ற வேண்டும். மாலைக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். பிழிந்த துணிபோல ஊடகம் எப்போதும் ஈரமாக இருக்கலாம். சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது.

உரம் மிகக் கொஞ்சம். 19:19:19 நீரில் கரையும் உரத்தை ஒரு லிட்டருக்குக் கால் கிராம் வீதம் கலந்து, 15 நாட்களுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். இடையில் வெறும் தண்ணீரால் ஊடகத்தை நன்றாக அலசிவிட வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும் வாரங்களில் உரத்தை நிறுத்திவிடலாம்.

இலை சொல்லும் சேதி

* பழைய இலைகள் வரிசையாக மஞ்சளாகி உதிர்தல்: வெப்பம் அதிகம்.
* இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகுதல்: உப்புத் தண்ணீர் அல்லது உர மிகுதி.
* இலை சுருங்கிச் சவண்டுபோதல்: வேர் காய்ந்திருக்கும், அல்லது அழுகியிருக்கும். தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.
* அடிக்காம்பு கறுத்துக் குழைதல்: அழுகல். பாதித்த பகுதியை நெருப்பில் காட்டி ஆறவிட்ட கத்தியால் வெட்டி நீக்கி, மான்கோசெப் ஒரு லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளித்து, இரண்டு நாள் தண்ணீரை நிறுத்த வேண்டும்.
* மொட்டும் வேர் நுனியும் கடிபட்டிருத்தல்: நத்தை. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பொறுக்குவதே சிறந்த வழி. வெள்ளரித் துண்டை இரவில் வைத்தால் அங்கே வந்து கூடும். நாயும் கோழியும் திரியும் வீட்டில் நத்தை மருந்துக் குருணை வேண்டாம்.

ஒரு செடியை வெட்டிய கத்தியால் அப்படியே இன்னொரு செடியை வெட்டினால் வைரஸ் நோய் பரவும். ஒவ்வொரு செடிக்கும் கத்தியை நெருப்பில் காட்டிய பிறகே தொட வேண்டும்.

கடன் வாங்கலாமா?

வேண்டாம். செடி வளராது என்பதற்காக இந்தப் பதில் இல்லை. கோத்தகிரியில் அது வளரும். விற்பனைக் கணக்குதான் இடிக்கிறது.

மாஸ்டிவேலியாவும் லெப்பாந்தஸும் வெட்டி விற்கும் பூக்கள் அல்ல. கார்னேஷன், லில்லியம் போலக் கட்டுக்கட்டாக விலைபோகாது. செடியாகத்தான் விற்க வேண்டும். ஆய்வுக்கூடக் குடுவையில் முளைத்த கன்று பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். கடனுக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி ஓடும்.

இன்னொன்றும் இருக்கிறது. சுற்றுலா வருபவர்களில் பெரும்பாலோர் எந்த ஊர்க்காரர்கள்? திருப்பூர், ஈரோடு, சென்னை என்று சமவெளியிலிருந்து வருபவர்கள். பூத்த செடியை ஆசையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்குவார்கள். மேட்டுப்பாளையம் தாண்டியதும் செடியின் காலம் எண்ணப்படத் தொடங்கும். ஒரு மாதத்தில் அது செத்துவிடும். வாசகிக்குச் செடி விற்றவர், வெப்பம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 9,600 ரூபாயில் பாதிக்கு மேல் வீணாகியிருக்காது. அதே நட்டத்தை இன்னொரு குடும்பத்துக்குக் கைமாற்றி விடுவது தொழில் ஆகாது. மலைவாசிகளுக்கும், குளிர்ப்பெட்டி வைத்து வளர்க்கும் ஆர்வலர்களுக்கும், எந்த வெப்பத்தில் வளரும் என்று எழுதிய சீட்டோடு கொடுத்தால் மட்டுமே பெயர் நிற்கும்.

எனவே இப்போதைக்கு மூன்று செடிகளைக் காப்பாற்றி ஓர் ஆண்டுக் கணக்கு எழுதுவதே முதல் வேலை. அவற்றில் ரெஸ்ட்ரெப்பியா இருந்தால் நல்லது. அதன் இலையடியில் தானாகவே குட்டிச்செடி வரும். குட்டிக்கு இரண்டு மூன்று வேர் வந்ததும் பிரித்துப் பாசியில் நடலாம். அதே இலையில் மறுபடி மறுபடி பூக்கும் என்பதால் பூத்த இலையை வெட்டக் கூடாது. இரண்டு கோடை தாண்டிச் செடிகள் பெருகினால், அந்த வரவிலிருந்தே அலமாரியை நீட்டிக்கொள்ளலாம். வருமானம் உடனே வேண்டுமென்றால், மலைக்கேற்ற கொய்மலர், காய்கறிப் பயிர்களுக்கு என்னென்ன உதவித் திட்டங்கள் நடப்பில் உள்ளன என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் மொட்டை மாடியில் இந்தச் செடிகளை வளர்க்க முடியுமா? பனிப்புகை தெளிப்பான் வைத்தால் போதுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியாது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. 2,000 மீட்டரில் இருக்க வேண்டிய செடியை 400 மீட்டருக்கு இறக்கினால் 9 அல்லது 10 டிகிரி அதிக வெப்பத்தில் அது கிடக்க வேண்டும். ஏப்ரல் இரவில் 23, 24 டிகிரி இருக்கும் ஊரில் இது நடவாத காரியம். தெளிப்பான் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்ச்சி தருகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் உள்ள இரவில் தண்ணீர் ஆவியாவது குறைவு. குளிர்ச்சியும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் கிடைக்காது. குளிர்சாதன அறை வெப்பத்தைக் குறைக்கும். ஆனால் காற்றை உலர்த்திவிடும். கண்ணாடிக் கதவுள்ள குளிர்பானப் பெட்டியில் விளக்கும் சிறு விசிறியும் பொருத்தி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் மின்கட்டணம் கட்ட மனமுள்ளவர்களுக்கு மட்டும் அது சரி.

சின்னச் செடி, சின்னப் பூ என்பதுதான் ஆசை என்றால் சமவெளிக்கு ஏற்ற வகைகள் உண்டு. குட்டி ஃபெலனாப்சிஸ் வகைகள் 22 டிகிரி இரவை விரும்பி ஏற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்ந்த சரிவுகளிலும் காணப்படும் ஃபெலனாப்சிஸ் டெலிசியோசா உள்ளங்கை அளவுச் செடிதான். நர்சரியில் வளர்த்த கன்றாகக் கேட்டு வாங்கலாம். மாடியில் 75 விழுக்காடு நிழல் வலைக்குக் கீழே, மரப்பட்டையில் கட்டி, காலையும் மாலையும் நனைத்தால் போதும்.

கேள்வி: சோலை ஓரத்தில் காற்றில் முறிந்து விழுந்த கிளையில் சின்ன ஆர்க்கிட் ஒட்டியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவரலாமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது வனச்சட்டப்படி குற்றம், விழுந்த கிளை என்பது விலக்கு ஆகாது. அருகிலுள்ள வனக்காவலரிடம் சொன்னால், அதே இடத்தில் வேறு மரத்தில் கட்டிவிட வழி செய்யலாம். ஒபரோனியா, பல்போஃபில்லம், போர்பாக்ஸ் போன்ற நம் மலைகளின் குட்டி ஆர்க்கிட்டுகள் குறிப்பிட்ட பூஞ்சையின் துணை இல்லாமல் காட்டில் விதையிலிருந்து முளைக்காது. அவற்றின் விதையில் முளைப்பதற்கான உணவு சேமிப்பு கிடையாது. ஒரு கொத்து போனால் அந்த இடத்தில் இன்னொன்று வருவது எளிதல்ல. 1922-இல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரைக் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கும் முறையை வெளியிட்டார். இன்று கடையில் கிடைக்கும் கன்றுகள் பல அந்த வழியில் வந்தவைதான். காட்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைக்க நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் வரும் செடி துறைமுகத்திலேயே பறிமுதலாகும். நம் மலை ஆர்க்கிட்டுகளைக் கண்ணால் பார்த்து அறிய விரும்புவோர் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய்வரலாம். வளர்ப்பு முறை பற்றிய ஆய்வுகளுக்கு சிக்கிம் மாநிலம் பாக்யோங்கில் உள்ள தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கோத்தகிரி வாசகி, வெப்பமானி வாங்கி எழுதிய இரண்டு வாரக் கணக்கை அனுப்பிவைத்தால், பிழைத்த மூன்று செடிகளில் எதை எந்தத் தட்டில் வைப்பது என்று அடுத்து வரும் இதழ் ஒன்றில் பதில் தரப்படும். கணக்கோடு செடியின் பெயர்ச்சீட்டில் உள்ளதையும் எழுத மறக்க வேண்டாம்.